தட்டிப் பார்த்து வாங்கிய கார்

விரல் கணுவால் மூன்று தட்டு. கண்ணை மூடிக் காதை ஒட்டவைத்து ஒரு மூச்சு நேரம் காத்திருப்பு. பிறகு அரை அடி தள்ளி இன்னும் மூன்று தட்டு. வடகாட்டுப் பலா மண்டியில் முப்பது வருடமாக அமராவதி இப்படித்தான் பழம் வாங்குகிறார். இன்றைக்கு அவர் தட்டுவது காரின் கதவை. புதுக்கோட்டையில், ஆலங்குடி ரோட்டில், வெற்றிசெல்வனின் பழைய கார்க் கடையில் நிற்கும் பதினான்கு கார்களில் ஒன்பது தேறாமல் போய், பத்தாவதுக்கு வந்திருக்கிறார்.

"அம்மா, பானெட்டத் தொறந்து இன்ஜினக் காட்டட்டுங்களா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டான் வெற்றிசெல்வன்.

"வேணாந்தம்பி. பழத்த அறுத்துப் பாத்தா வாங்குறோம்? சத்தமே சொல்லிரும்."

அந்த ஒன்பதில் ஒன்று நம் நாட்டுக் கம்பெனி வண்டி. அதைத்தான் வாங்குவதென்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். ஆனாலும் பெண் பார்க்கப் போன இடத்தில் தாய்மாமன் வகையறா வரைக்கும் விசாரிப்பது போல அதை விசாரித்தார்.

"டயரு எந்த ஊரு?"

"ஜப்பான் கம்பெனிம்மா."

"கியரு?"

"அது ஜெர்மன்காரன் டிசைனு."

"உள்ள டிவி மாதிரி ஒண்ணு இருக்கே?"

"அது சைனாவுல இருந்து வருது."

"அப்ப இதுல நம்ம ஊரு எதுதாந்தம்பி?"

வெற்றிசெல்வன் பொய் சொல்லத் தெரியாத பையன். கார் வியாபாரத்துக்கு எப்படி வந்தான் என்பதே ஆச்சரியம். தலையைச் சொறிந்துவிட்டு, "பேரும்மா" என்றான்.

அமராவதி அந்த வண்டியையும் தட்டிப் பார்த்தார். 'டங்' என்றது. "இது காயி. பத்து நாளு வைக்கோல்ல மூடி வைய்யி" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார். அவன் சிரிப்பதா, வைக்கோல் தேடுவதா என்று தெரியாமல் பின்னால் போனான்.

அமராவதிக்கு ஐம்பத்து மூன்று வயது. தோளில் தொங்கும் பையில் ஒரு பிச்சுவாக் கத்தி, பலாப்பிசின் ஒட்டாமலிருக்கத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில், ஒரு சுண்ணாம்பு டப்பா. சித்திரை, வைகாசியில் அவர் பஸ் ஏறினால் டிரைவர் திரும்பிப் பார்க்காமலேயே வாசனையை வைத்து, "அக்கா ஏறிருச்சு, ரைட்" என்பார். பழம் எத்தனை சுளை வரும் என்று தட்டியே சொல்லிவிடுவார். ஒருமுறை அவர் சொன்னதைவிட நான்கு சுளை குறைந்தபோது, எண்ணியவர்தான் தின்றிருக்க வேண்டும் என்று மண்டி ஒரு மனதாகத் தீர்ப்பளித்தது.

சுண்ணாம்பு டப்பா வெற்றிலைக்கு இல்லை. ஏலம் எடுத்த பழத்துக்கு அவரவர் அடையாளம் வைத்துக்கொள்வது மண்டியின் வழக்கம். எதிர்க்கடை செபமாலைக்குச் சிலுவை. அமராவதிக்கு மூன்று சுண்ணாம்புப் பொட்டு. அடையாளம் வைத்த பிறகு அந்தப் பழம் எந்தத் தோட்டத்தில் காய்த்தது, பண்ருட்டியா, கேரளாவா என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "சுண்ணாம்பு ஏறிருச்சுன்னா அது நம்ம பழம், அவ்வளவுதான்" என்பார். மண்டியில் யாருக்கும் இதில் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. இருந்தாலும் அவர் கையில் கத்தி இருந்தது.

பத்தாவது கார் 'பொத்' என்றது. அமராவதியின் முகம் மலர்ந்தது. உள்ளே அடர்த்தியாகச் சுளை பிடித்திருக்கும் பழத்தின் சத்தம் அது. "இது யாரு வண்டி?" என்று கேட்டார்.

"கொரியாக் கம்பெனிங்கம்மா. ரெண்டு வருசந்தான் ஓடியிருக்கு."

சுடு சட்டியில் கை பட்டதுபோல வெடுக்கென்று கையை எடுத்தார். "தம்பி, வாரேன்" என்று கிளம்பியவர், கேட்டைத் தாண்டும்வரை நான்கு முறை திரும்பிப் பார்த்தார்.

வெளிநாட்டுக் கார் மீது அவருக்கு இருப்பது கொள்கை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. கொள்கையெல்லாம் இல்லை, சக்களத்திக் காய்ச்சல். கணவர் நாகராசு குவைத்தில் பதினேழு வருடம் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். ஊருக்குப் போன் போட்டால் மனைவியை ஒரு நிமிடம் நலம் விசாரித்துவிட்டு, முதலாளியின் காரை ஒன்பது நிமிடம் புகழ்வார். திரும்பி வந்து எட்டு வருடம் ஆகியும் தூக்கத்தில் வலது கையால் கியர் மாற்றுகிறார். "பதினேழு வருசம் அந்தச் சனியனத் தொடச்சு, பொட்டு வைக்காத கொறையாப் பாத்துக்கிட்டாரு. எனக்கு ஒரு கம்பளியும் கோடாலித் தைலமும் வந்துச்சு" என்று அமராவதி சொல்லும்போது சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அவர் சிரிப்பதில்லை.

ஆகவே போன மாதம் செபமாலை ஒரு ஜப்பான் காரை வாங்கி மண்டி வாசலில் நிறுத்தியதும் அமராவதிக்குப் பொங்கிவிட்டது. தக்காளிக் கூடை ஒன்றின் மீது ஏறி நின்றே பேசினார். "வெளிநாட்டுக்காரன் வண்டியில என் காலு படாது. பட்டுச்சுன்னா அன்னையிலேர்ந்து இந்த மண்டியில நான் பழம் தட்ட மாட்டேன்!" செபமாலை அதைச் செல்போனில் படம் பிடித்தார். படம் வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடி என்று சுற்றி, மூன்றாம் நாள் ஒரகடத்தில் இருக்கும் மகள் பிரகதீஸ்வரியின் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

பிரகதீஸ்வரி டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே பக்கத்தில் ஒரு கார் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை செய்கிறாள். அது கொரியாக் கம்பெனி. மகளுக்கு 'மெட்ராசுல கம்பெனி வேலை' என்று மட்டுமே அமராவதி வெளியில் சொல்லிவந்தார். அவருக்கே அதற்குமேல் தெரியாது, கேட்டதும் இல்லை.

"எங்க கொரியாக் கம்பெனியில நான் ஷிப்டுக்கு முந்நூறு கதவு பாக்குறேம்மா. ரப்பர மாட்டி, மூடிப் பாத்து, சத்தம் சரியா இருக்கான்னு கேட்டுத்தான் அனுப்புறேன். அதுல கால வைக்க மாட்டேன்னு கூடை மேல ஏறிச் சொல்லுறீங்க. என் கூட வேலை பாக்குற எல்லாரும் பாத்துட்டாங்க" என்றாள். அதன் பிறகு பதினொரு நாளாகப் போன் இல்லை. அமராவதி கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

பைக்கில் போனால் இடுப்பு வலிக்கிறது, கார் வேண்டும் என்பதெல்லாம் ஊருக்குச் சொன்ன காரணம். எந்தக் காரானாலும் ஒன்று வாங்கிவிட்டால் மகள் மனம் இறங்குவாள் என்பது உள்ளே வைத்திருந்த காரணம். அந்தப் பதினொரு நாளில் அமராவதி பழத்தைத் தட்டினால் பழம் பேசவில்லை. காதை வைத்தால் போன் மணி அடிப்பது போலவே இருந்தது. மகளிடம் தோற்றுப்போகத் தயார்தான். ஆனால் மண்டியில் பழம் தட்டாமல் அவர் யார்?

கார் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை, தோட்டத்தில் பழம் இறக்கும்போது நாகராசு மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த மரம் எந்த நாட்டுக்காரன்னு தெரியுமா?"

"என்ன பேசுறீங்க? நம்ம மரம்."

"கஜா புயல்ல பழைய மரம் பூராவும் சாஞ்சப்ப நாந்தானே கன்னு வாங்கியாந்தேன். அம்புட்டும் வியட்நாம் ரகம். நாலு வருசமா அதத்தான் வடகாட்டுப் பழம், வடகாட்டுப் பழம்னு கூவிக்கிட்டிருக்க."

அமராவதிக்கு இது தெரியாமல் இல்லை. மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். "ரகம் எவனோடதா இருந்தா என்ன? தண்ணி நம்ம கெணத்துத் தண்ணி. எரு நம்ம மாட்டு எரு. கன்னுலேர்ந்து பாடுபட்டது நானு."

"அப்ப நீ தட்டிப் பாத்த அந்தக் கொரியாக் கார்ல பாடுபட்டது யாரு?"

பதினேழு வருடக் குவைத் வாழ்க்கையையும் சேர்த்து, நாகராசு ஜெயித்த ஒரே வாக்குவாதம் இது. அதைக் கொண்டாட அவருக்குத் தைரியம் வரவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு அங்கிட்டுப் போய்விட்டார். அமராவதி இரண்டு நாள் பேசவில்லை. மண்டியில் அவருக்கு டைபாய்டு என்று வதந்தி கிளம்பியது.

வெள்ளிக்கிழமை காலை வெற்றிசெல்வன் கடையில் 'பொத்' என்ற அந்த வெள்ளைக் கொரியாக் காரின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நாகராசு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைக் களை. விஷயம் கேள்விப்பட்ட செபமாலை தன் ஜப்பான் காரில் மூன்று சுமைதூக்கிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கையில் செல்போன் தயார். "அக்கா, காலு வைக்கிறதப் படம் எடுத்துக்கிறேன். எதுக்கும் ஒரு ஆதாரம் வேணுமில்ல" என்றார்.

அமராவதி அவரைக் கண்டுகொள்ளவில்லை. வெற்றிசெல்வனின் போனை வாங்கி மகளைக் கூப்பிட்டார். தெரியாத நம்பர் என்பதால் பிரகதீஸ்வரி எடுத்துவிட்டாள்.

"ஏடி, வச்சிராத. ஒண்ணு மட்டும் சொல்லு. ஒனக்கு எந்தப் பக்கத்துக் கதவு?"

"எதுக்கு?"

"கேட்டாச் சொல்லு."

"இடது பக்கம். பின்னாடி."

அமராவதி போனைத் துண்டிக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டு, காரைச் சுற்றி இடது பக்கம் வந்தார். பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்தார். பளபளவென்று மெழுகு போட்டுத் துடைத்து வைத்திருந்த பின்கதவில், நடு நெற்றியில் வைப்பதுபோல நிதானமாக மூன்று பொட்டு வைத்தார். வெற்றிசெல்வன் "ஐயோ, பெயிண்டு!" என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"செபமாலை, நேத்து ஒன் கடையில எறங்குன லோடு எந்த ஊரு?"

"பண்ரு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். கூட வந்த சுமைதூக்கிகள் மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அந்த லோடை இறக்கியவர்களே அவர்கள்தான். "சிலுவை போட்டாச்சுக்கா. நம்ம பழந்தான்."

"ம்" என்றார் அமராவதி. செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே ஏறினார். செபமாலை செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கதவைச் சாத்தியதும் 'பொத்' என்றது. அமராவதி கண்ணாடியை இறக்கினார். இடுப்பிலிருந்த போனை எடுத்துக் கையை வெளியே நீட்டி, மூன்று பொட்டுக்குப் பக்கத்தில் கதவோடு ஒட்டிப் பிடித்தார். இன்னொரு கையின் விரல் கணுவால் மூன்று முறை தட்டினார்.

"கேக்குதாடி?"

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "சரியாக் கேக்கலம்மா. இன்னொரு தடவ தட்டுங்க."

அமராவதி போனை அரை அடி தள்ளி வைத்து, இன்னும் மூன்று தட்டுத் தட்டினார்.