அக்டோபருக்கு வராத கதிர்

காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர்களில் ஒன்று கீழவாய்க்கால். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர், வழியில் உள்ள ஊர்களை எல்லாம் குசலம் விசாரித்துவிட்டு, மன்னார்குடியைத் தாண்டிச் சாவகாசமாக இங்கே வந்து சேரும். அதனால் ஊரில் குறுவை கிடையாது. சம்பா ஒரு போகம்தான். புரட்டாசியில் நடவு, தையில் அறுப்பு. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தேவாலயம் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

தேவாலயத்தின் கணக்குப்படி கீழவாய்க்காலில் அறுப்பு அக்டோபர் மாதம் இரண்டாம் ஞாயிறு. அந்தக் காலத்தில் கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை, தன் சொந்த ஊரில் கோதுமை அறுத்து முடிக்கிற மாதத்தை நினைத்து அறுப்பின் பண்டிகையை அதிலேயே நட்டுவைத்தார். துரை போய்விட்டார். அவருடைய ராஜாங்கமும் போய்விட்டது. தேதி மட்டும் வேர்பிடித்துவிட்டது.

ஆகவே ஒவ்வோர் அக்டோபரிலும் சபையார் சனிக்கிழமை வரை முழங்கால் சேற்றில் நாற்று நட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கால் கழுவிக்கொண்டு வந்து, அறுத்த கதிருக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். படைப்பதற்கு வயலில் ஒன்றும் இருக்காது. மன்னார்குடிக் கடைத்தெருவில் வாங்கிய ஆப்பிளையும் ஆரஞ்சையும் பீடத்தின் முன் அடுக்குவார்கள். பின்னால் கோதுமைக் கதிர் வரைந்த அட்டை நிற்கும். கோதுமை என்றால் இந்த ஊரில் சர்க்கரை வியாதிக்காரர்களின் ராத்திரிச் சாப்பாடு.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, எழில்மொழி பொருத்தனை என்று ஆண்டவருக்கு நேர்ந்துகொள்ளும்வரை.

எழில்மொழியின் தாத்தா அடுத்தவர் வயலில் அறுத்தவர். அப்பா கொஞ்சம் நிலம் வாங்கினார். ஏதோ ஒரு கட்சிக் கூட்டத்தில் கேட்ட பெயரைக் காதில் பத்திரப்படுத்தி வந்து மகளுக்கு வைத்தார். சபைச் செயலாளர் வெலிங்டன் சார், ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்திரை வெயிலிலும் ஆராதனைக்குக் கோட்டு போடுகிறவர், அந்தப் பெயரில் கிறிஸ்தவ மணம் இல்லை என்று கண்டார். அன்று முதல் அவர் வாயில் அவள் எமிலி.

"வெலிங்டன்கிற பேரு வேதத்துல எந்த அதிகாரத்துல சார் வருது?" என்று ஒருமுறை கேட்டாள்.

"அது பரம்பரைப் பேரும்மா" என்றார் சார். அது ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் பரம்பரை என்பதைச் சொல்லவில்லை.

எழில்மொழி நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டு, லோடு ஆட்டோ ஓட்டும் இளையபெருமாளைக் கட்டி, இரண்டு பெண்களைப் பெற்று, அப்பாவின் நிலத்தைத் தானே பயிர் வைக்க ஆரம்பித்தாள். போன வருஷம் கார்த்திகை மழையில் பயிர் மூழ்கி அழுகியது. இந்த வருஷம் நட்ட கையோடு வரப்பிலேயே முழங்கால் போட்டாள். நெல் களம் வந்து சேர்ந்தால் முதல் கதிர் பீடத்துக்கு. அதுவரை புது நெல்லில் ஒரு மணிகூட வாய்க்குள் போகாது, களத்தை விட்டு வெளியேயும் போகாது.

"முதல் பாதியோட நிறுத்தியிருக்கலாம்ல எழிலு?" என்றான் இளையபெருமாள்.

தை பிறந்தது. பயிர் விளைந்து சாய்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அறுப்பு மிஷின் வயலில் இறங்குமுன் எழில்மொழி அரிவாளோடு இறங்கி ஒரு கைப்பிடிக் கதிரை அறுத்துத் தனியே எடுத்துக்கொண்டாள். மீதி நெல் களத்தில் குவிந்தது. மேலே தார்ப்பாய். அதற்கும் மேலே, பருவம் தப்பிய மேகம். நெல் நனைந்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதிர் பீடம் ஏறாமல் மூட்டை ஆட்டோ ஏறாது என்பது பொருத்தனை. இளையபெருமாள் மேகத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டும் அசைவதாக இல்லை.

சனிக்கிழமை அவள் கதிரைப் பீடத்தில் வைக்க அனுமதி கேட்டு வெலிங்டன் சார் வீட்டுக்குப் போனாள். போதகர் இளவழகன் ஐயாவும் அங்கேதான் இருந்தார்.

"அறுப்பின் பண்டிகை அக்டோபர்லயே முடிஞ்சிபோச்சே எமிலி. நீ ஏன் அப்பவே கொண்டாரல?"

"அப்ப நாத்து நட்டுக்கிட்டு இருந்தேன் சார்."

"அது உன் சவுகரியம். திருச்சபைக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. தை மாசம் கதிரத் தூக்கிக்கிட்டு கோயிலுக்குள்ள வந்தா அதுக்குப் பேரு என்ன தெரியுமா? பொங்கல்! புறஜாதிப் பண்டிகை."

"நெல்லு தையிலதான் சார் விளையுது. அது என்ன ஜாதின்னு நான் கேக்கல."

போதகர் நல்லவர். இரண்டு பேர் சொல்வதற்கும் தலையாட்டினார். பிறகு தயங்கிச் சொன்னார். "நாளைக்கு வேற ப்ரோக்ராம் இருக்கும்மா. கோபுரத்துக்குக் கல்லு வைக்கிறோம். தமிழரசன் வர்றார்."

தமிழரசன் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். சித்திரையில் வரப்போகிற தேர்தலில் சீட்டுக் கேட்டிருக்கிறார். ஆண்டவர்மேல் அவருக்கு அண்மைக்காலமாகப் பக்தி. இங்கிலாந்துப் படங்களில் இருப்பதுபோல ஊசிக் கோபுரம் ஒன்றைக் கட்டித்தருவதாக அக்டோபர் பண்டிகையில் வாக்குக் கொடுத்திருந்தார். கல் தயாராகிவிட்டது. அதில் ஆண்டவர் பெயர் ஒரு வரி. தமிழரசன் பெயர், பட்டங்களோடு, நாலு வரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று மாறி, மேகம் இன்னும் கீழே இறங்கியிருந்தது. எழில்மொழி கதிரைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு பீடத்துக்குப் போகும் நடைபாதையில் நின்றாள். ஆராதனை முடிந்ததும் எப்படியாவது போதகர் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு. வெலிங்டன் சார் கோட்டுக்குள்ளிருந்து கண்ணைக் காட்டினார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

அப்போது வாசலில் வெடிச்சத்தம். தமிழரசன் உள்ளே வந்தார், கூடவே நாலு போட்டோக்காரர்கள். நடைபாதையில் ஒரு விவசாயப் பெண்; கையில் தாம்பாளம்; தாம்பாளத்தில் நெற்கதிர். பொதுவாழ்க்கையில் இருபது வருஷம் பழுத்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா? கதிரை எடுத்துத் தலைக்கு மேலே உயர்த்தினார். கேமராக்கள் மின்னின. பின்னால் ஒரு குரல், "விவசாயிகளின் காவலர்!" என்றது. தேவாலயம் என்பது நினைவுக்கு வந்து, வாழ்க சொல்லாமல் நிறுத்திக்கொண்டது.

"அண்ணே, குடுங்க" என்றாள் எழில்மொழி.

"என்னம்மா, நீயும் சேந்து ஒரு போட்டோவா? வா, வா."

"போட்டோ இல்லண்ணே. அது உங்களுக்குக் கொண்டாந்தது இல்ல. ஆண்டவருக்கு."

தமிழரசன் கதிரோடு நின்றார். கைக்கு வந்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அதற்கு என்ன நடைமுறை என்று அருகிலிருந்தவர்களைப் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை.

பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாய், எழில்மொழியின் மாமியார், சத்தமாகவே சொன்னாள். "குடுத்துருங்க தம்பி. ஓட்டு சித்திரையிலதான் அறுப்பு."

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கம் கிளம்பி, ஆண்கள் பக்கம் பரவி, பாடகர் குழு வரை போயிற்று. சிரிக்காதவர்கள் மூன்று பேர். தமிழரசன், வெலிங்டன் சார், போதகர்.

போதகர் வெளியே சாய்த்து வைத்திருந்த கல்லை ஜன்னல் வழியாகப் பார்த்தார். கோபுரம் அவருடைய நெடுநாள் ஆசை. பக்கத்து ஊர்ச் சபையில் இருக்கிறது. பிறகு எழில்மொழியைப் பார்த்தார். அவள் கை காலித் தாம்பாளத்தை இன்னும் நீட்டிக்கொண்டே இருந்தது. தலையாட்டினால் தீருகிற விஷயமில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். படியிறங்கி வந்து, "மன்னிச்சிக்குங்க" என்று தமிழரசன் கையிலிருந்த கதிரை வாங்கிக்கொண்டார். பீடத்தின்மேல் இடமில்லை. பிளாஸ்டிக் லில்லிப்பூ ஜாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் கதிரை வைத்தார்.

"அஜெண்டாவுல இல்லையே ஐயா" என்றார் வெலிங்டன் சார். போதகர் ஜெபத்துக்குக் கைகூப்புவதைக் கண்டு, குறைந்தபட்சம் பெயரையாவது காப்பாற்ற எண்ணி, "எமிலி" என்று எடுத்துக்கொடுத்தார்.

"உம்முடைய மகள் எழில்மொழியின் முதற்பலனை ஏற்றுக்கொள்ளும்" என்று ஜெபித்தார் போதகர். அந்த வருஷத்தில் அவர் செய்த மிகச் சிறிய ஜெபம் அதுதான். இளையபெருமாள் ஆமென் சொல்லும்போதே ஆட்டோச் சாவியோடு வாசலில் இருந்தான்.

கல்லை வைத்துவிட்டுத்தான் தமிழரசன் போனார். கோபுரம் அதற்குமேல் வளரவில்லை. சீட்டும் வேறொருவருக்குப் போயிற்று. அதற்கும் கதிருக்கும் சம்பந்தமில்லை என்று கட்சியில் சொல்கிறார்கள். கல்லின்மேல் இப்போது மத்தியானங்களில் ஆடு படுக்கிறது, நாலு வரியையும் மறைத்துக்கொண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக் கூரைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தூறல் விழுந்தது. சாயங்காலம் எழில்மொழி வீட்டில் புது அரிசி உலை ஏறியது. வெல்லமும் நெய்யும் போட்டுக் குழையக் கிண்டி, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு முதல் வேலையாக வெலிங்டன் சார் வீட்டுக்குப் போனாள்.

சார் மூடியைத் திறந்து முகர்ந்தார். வாசனை சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

"எமிலி, உண்மையச் சொல்லு. இது பொங்கல்தானே?"

"சர்க்கரைச் சாதம் சார்."

சார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உக்காரு, எழில்மொழி" என்றார். "கிண்ணத்தக் கழுவித் தர்றேன்."