மூன்று பாட்டில், ஒரே தண்ணீர்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், மாடம்பாக்கம் பக்கத்து ஏரி ஒன்றில் மாதாமாதம் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்து லேபில் கொடுப்பது என் வேலை. சாக்கடை கலக்கும் மூலையில் பாசி நாறும். அதனால் தண்ணீர் தெளிந்திருக்கும் மதகடியிலேயே மூன்று பாட்டிலையும் நிரப்பி, வெவ்வேறு லேபிள் ஒட்டிவிடுவேன்.

அங்கே மீன் வளர்த்த அண்ணன் ஒருநாள் கேட்டார்: “தண்ணி பச்சையா கீதே சார், குஞ்சு வுடலாமா?”

“ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு, விடுங்கண்ணா” என்றேன்.

அடுத்த மாதம் கரையெல்லாம் மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தன. அவர் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

“நீங்க டெஸ்ட் பண்ணித்தான சார் சொன்னீங்க. நான் போட்ட தீனிலதான் இன்னாவோ கோளாறு” என்றார்.

அன்றுதான் முதன்முறையாகச் சாக்கடை மூலைக்குப் போய் பாட்டிலை நிரப்பினேன்.

அவர் இன்னமும் அந்தத் தீனியைத்தான் நொந்துகொண்டிருப்பார்.