நாக்பூரில் இறங்கியவனின் சாட்சி

ஞானதுரை அண்ணாச்சி காலமான செய்தி எனக்கு மணியாச்சி ரயில் நிலையத்தில் கிடைத்தது. ஆலை வேலையாகத் தூத்துக்குடி போய்விட்டுக் கோவில்பட்டி வண்டிக்காக நடைமேடையில் நின்றிருந்தேன். எங்கள் ஆலையில் மூடை தூக்கும் தொழிலாளி ஒருவர் என்னைக் கண்டதும் அருகே வந்தார்.

"ஒங்களுக்குச் சேதி வரலியா? ஞானதுரை அண்ணாச்சி காலையில போயிட்டாவ."

"எங்க போயிட்டாவ?" என்று கேட்டேன்.

அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ஆனால் பத்து வருஷப் பழக்கம் அது. அவர் போய்விட்டார் என்று யார் சொன்னாலும் எந்த ஊருக்கு என்றுதான் கேட்போம். மஞ்சள் காமாலையில் கிடக்கிறார் என்று தெரிந்திருந்தும் வாய் அப்படித்தான் கேட்டது. நாற்பத்தாறு வயது. எத்தனையோ லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்த மனிதர் வீட்டுக் கட்டிலில் படுத்து இரண்டே வாரத்தில் முடிந்துபோனது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பருத்தி அரவை ஆலையில் அவர் ஃபிட்டர், நான் எடைக் குமாஸ்தா. பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி, பாதி உறுப்புகளைத் தாமே செய்து மாட்டி ஓட்டிவந்தார். நான் ஆலையில் சேர்ந்த புதிதில் அவரை முதலில் பார்த்தது நாகலாபுரம் சாலையில், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில். கரிசல் மண் முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு, வண்டி உருளவும் மாட்டாமல் தள்ளவும் வராமல் நின்றது. அவர் நிதானமாக மட்கார்டைக் கழற்றி, வழியோடு நடந்து வந்த என் கையில் கொடுத்தார்.

"நீங்க ஆலைக் குமாஸ்தாதான? சட்டையில பஞ்சு ஒட்டியிருக்கு. இத வச்சிக்கிடுங்க, நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். முன்பின் தெரியாத ஒருவருடைய இரும்புத் தகட்டைச் சுமந்துகொண்டு நான் ஐந்து மைல் நடந்தேன். எங்கள் சிநேகிதம் இப்படித்தான் ஆரம்பித்தது.

மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் பெரிய சாலை எங்கள் ஊர் வழியாகப் போவதால், நெடுந்தூரம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் அவர் கண்ணில் படாமல் தப்ப முடியாது. கைகாட்டி நிறுத்துவார். சாப்பாடு போடுவார். வண்டியைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். லண்டனிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் செயின் அறுந்து அவர் வீட்டில் மூன்று நாள் தங்கினார். அண்ணாச்சி அதுவரை தாம் பம்பாய் வரை போனதைப் பெருமையாகச் சொன்னாராம். "அதற்கு மேலே சாலை இல்லையா?" என்று அந்த மனிதர் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது காஷ்மீர்ப் பித்து.

"ஏலே சுப்பையா, நீயும் வா. பின்னால ஒரு ஆளு இருந்தாத்தான் வண்டி குதிக்காது" என்றார். பின் பாரத்துக்காக என்னைக் கூப்பிட்டார் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். இருந்தாலும் போனேன்.

வடக்கே ஒருவர் போகிறார் என்றால் எங்கள் பக்கத்தில் அவரை வெறுங்கையோடு விடமாட்டார்கள். பருத்தித் தரகர் ஒருவர் தம் தகப்பனாரின் அஸ்தியைக் காசியில் கரைக்கக் கொடுத்தார். இரும்புக் கடை பாய் அஜ்மீர் தர்காவுக்குப் பச்சைப் போர்வை கொடுத்தார். என் அம்மா காசிக் கயிறு வேண்டும் என்றார். அண்ணாச்சியோ ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். எல்லாவற்றையும் இரண்டு கைகளாலும் வாங்கிக் கட்டி வைத்தார். இத்தனையும் எதற்கு என்று நான் முணுமுணுத்தேன்.

"அடுத்தவன் நேர்ச்சையத் தூக்கிக்கிட்டா, கொண்டு சேத்துதாம்லே ஆவணும்" என்றார்.

நாங்கள் புறப்படும்போது என் அம்மா இன்னொன்றும் சொன்னார். யாத்திரைக்குச் சேர்ந்து கிளம்பினவர்கள் ஊர் எல்லைக்குள் சேர்ந்துதான் நுழைய வேண்டும். ஒருவர் முந்தி வந்தால் மற்றவருக்கு ஆகாது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் இன்றைக்கு என்னை இந்தப் பாடு படுத்துகிறது.

பதினோராம் நாள் நாக்பூர் சேர்ந்தோம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. காரணத்தைக் கௌரவமாகச் சொல்ல வழியில்லை: உட்காரும் இடத்தில் கட்டி. வைத்தியர் கீறிவிட்டு, ஒரு மாதத்துக்கு வண்டியில் ஏறக்கூடாது என்றார். அண்ணாச்சி என்னை ரயிலேற்றிவிட்டார்.

"நேரே ஊருக்குப் போவாத. மதுரையில ஒங்க அக்கா வீட்ல இரு. நான் வந்து ஏத்திக்கிடுதேன். ரெண்டு பேரும் சேந்து ஊருக்குள்ள போவோம்."

"ஊருல கேட்டா என்ன சொல்ல?"

"நான் பாத்துக்கிடுதேன்."

அக்கா வீட்டில் முப்பத்திரண்டு நாள் குப்புறவும் ஒருக்களித்தும் கிடந்தேன். முப்பத்து மூன்றாம் நாள் காலையில் வாசலில் அந்த வண்டிச் சத்தம் கேட்டது. மனிதர் இளைத்து, மூக்குத் தோல் உரிந்து நின்றார். பின்னால் ஏறிக்கொண்டேன். கோவில்பட்டி எல்லையில் மேளத்தோடு காத்திருந்தார்கள். இரண்டு கழுத்திலும் மாலை விழுந்தது. "ரெண்டு பேரும் காஷ்மீர் பாத்தாச்சு" என்றார் அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்து. பனி எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டார்கள். வெள்ளையாக இருந்தது என்றேன். ஏழு வருஷமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சேர்த்ததில்லை; அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கியதும் இல்லை.

தரகரிடம் கங்கைச் செம்பு போய்ச் சேர்ந்தது. பாய்க்கு அஜ்மீர் ரோஜா இதழ்கள். அம்மாவுக்குக் கயிறு. எனக்கு ஒரு பை அக்ரூட் கொட்டை. காஷ்மீர் அக்ரூட் என்று நானே ஊரெல்லாம் பங்கு வைத்தேன்.

சந்தேகம் பிறகுதான் வந்தது. அக்ரூட் டெல்லிக் கடைத்தெருவிலும் கிடைக்கும் என்று ஒரு பட்டாளத்துக்காரர் சொன்னார். பனியில் வெயில் பட்டால் மூக்குத் தோல் உரியும் என்றும் அவரே சொன்னார். ராஜஸ்தான் வெயிலிலும் உரியும் என்றார். நான் ரயில்வே படத்தை விரித்து வைத்துக்கொண்டு மைல் கணக்குப் போட்டேன். காசி, அஜ்மீர், காஷ்மீர் மூன்றையும் அந்தக் கிழட்டு வண்டியில் முப்பத்திரண்டு நாளில் முடிக்க இயலுமா? ஒருநாள் போட்டால் இயலும் என்று வரும். மறுநாள் போட்டால் வராது. எடை போட்டுப் பிழைக்கிறவனுக்கு இதைவிட அவமானம் வேறில்லை.

ஒருமுறை நேரிலேயே கேட்டேன். "அண்ணாச்சி, நெசமாவே அங்கன போனீங்களா?"

பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "ஒன்ன ஊருக்குள்ள கொண்டாந்து சேத்தேன்லா. அதுக்கு மேல கேக்காத."

கோபமா, கெஞ்சலா என்று அந்தக் குரலில் எனக்குத் தெரியவில்லை. ஊரார் நேர்ச்சைகளுக்காக அவர் காஷ்மீரை விட்டுக்கொடுத்திருந்தால் காஷ்மீர் போனதைவிட அதை நான் பெரிதாக நினைப்பேன். ஆனால் அப்படியென்றால் ஏன் மறைக்க வேண்டும்? என் மானத்தைக் காப்பாற்ற அவர் பொய் சொன்னாரா? அல்லது வாய் திறக்க முடியாத ஒரு சாட்சி தேவைப்பட்டு என்னை மதுரையில் உட்கார வைத்தாரா? இரண்டாவதை நினைத்த அன்றெல்லாம் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கும்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் அண்ணாச்சியின் மனைவி ரெபேக்காள் மதினி ஆள் அனுப்பினார். கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் காத்திருந்தார். பெயருக்குக் கீழே 'மோட்டார் சைக்கிளில் காஷ்மீர் கண்டவர்' என்று வெட்டலாம் என்று ஆலைத் தோழர்கள் சொன்னார்களாம்.

"நீங்கதான கூடப் போனீங்க தம்பி. நீங்க சரின்னா வெட்டச் சொல்லிருவேன்."

தலையாட்டினால் போதும். அவர் பெயர் காலத்துக்கும் நிற்கும், என் மானமும் கூடவே நிற்கும். ஆனால் வாயால் சொல்வது வேறு, கல்லில் வெட்டுவது வேறு. கடைசியில், "மதினி, நான் நாக்பூரோட திரும்பிட்டேன். அதுக்கு அங்கிட்டு அவிய எங்க போனாவன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

மதினி முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"நீங்க திரும்புனது எனக்குத் தெரியும். வந்த அன்னைக்கே சொல்லிட்டாவ. சுப்பையா எப்பவாவது வாயத் தொறந்து சொல்லுவான், அன்னைக்கு நானும் அவன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாவ. காமாலையில கெடந்தப்பக் கூட, சுப்பையா வந்தானான்னுதான் கேட்டாவ."

"நான் ரெண்டு தடவ வந்தேனே."

"வந்தீங்க. வைத்தியத்தப் பத்திப் பேசிட்டுப் போனீங்க."

"என்ன சொல்லணும்னு இருந்தாவ?"

"எனக்குத் தெரியாது தம்பி. ஒங்களுக்குன்னுதான வச்சிருந்தாவ."

கல்லில் பெயர் மட்டும் இருக்கட்டும் என்று மதினி சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் அப்படி என்று ஊரில் கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்றைக்கு எல்லையில் மாலை போட்டவர்களே, என் கழுத்தில் விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவர் கழுத்தில் விழுந்ததைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. அவர் சொல்ல நினைத்தது தாம் போனார் என்பதா, போகவில்லை என்பதா, நான் கனவிலும் எண்ணாத மூன்றாவது ஒன்றா? ஏழு வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். எந்த நாளில் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும் என்று இல்லை. நாக்பூரோடு திரும்பியதை நான் எந்த நாளில் சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்கும்.

நேற்று மாலை கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கல் இன்னும் நடவில்லை. புதுமண் வெயிலில் காய்ந்து வெடிப்பு விடத் தொடங்கியிருக்கிறது. சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மதினியிடம் சொன்னதை அவரிடமும் சத்தமாகவே சொன்னேன்.

நான் சொல்லிவிட்டேன், அண்ணாச்சி. இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.