அஞ்சு பேருக்கு அஞ்சு கோழி

கோழி வளர்க்கலாம் என்று நான் முடிவெடுத்ததற்கு முட்டை காரணமில்லை. பூட்டைத் திறந்து உள்ளே போனால் வீடு அப்படியே கிடக்கும். காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும். மனைவி போன பிறகு, நான் வந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்ள அங்கே ஆளில்லை. ஏதாவது ஒரு உயிர் சத்தம் போட்டால் போதும் என்றிருந்தது. நாய் என்றால் பயம், பூனை என்றால் பிடிக்காது. மிச்சம் கோழிதான்.

தாலுகா ஆபீசில் முப்பது வருடம் டைப் அடித்தவன் எதையும் படிக்காமல் செய்யமாட்டான். ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்தேன். கிரிராஜா, வனராஜா, கருங்கோழி, பெருவிடை, சிறுவிடை என்று தலைக்குள் ஒரு பண்ணையே ஓடியது. பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டு வாரச்சந்தைக்குக் கிளம்பினேன்.

கோழி விற்ற பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கல்வராயன் மலை அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் கூடையோடு வருகிறவள். ஒரு கூடையில் சிறுவிடை நாட்டுக்கோழி, இன்னொன்றில் பண்ணையில் வளர்ந்த முட்டைக்கோழி. நான் படித்ததையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன்.

"கருங்கோழி கிட்டப் போனாலே பறந்துடும். பெருவிடை ஒன்னோட ஒன்னு சண்ட போட்டுக்கினே கெடக்கும். புதுசா வளக்குறவங்களுக்கு அதெல்லாம் தோதுப்படாதுங்க," என்றாள். "அத வுடுங்க. வூட்ல எத்தினி பேரு?"

கோழியைப் பற்றிக் கேட்பாள் என்று பார்த்தால் வீட்டைப் பற்றிக் கேட்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. தனியாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் ஜனங்களுக்கு ஒரு முகம் வரும், தலை ஒரு பக்கமாகச் சாயும். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

"அஞ்சு பேரு," என்றேன். கூச்சமே இல்லாமல் வந்தது பொய்.

"அப்ப முட்டக்கோழியே எடுத்துக்கோங்க. சாதுவானது. ஆளுக்கு ஒரு முட்டைன்னு வெச்சாலும் தீந்துடும். அண்ணிக்கும் ஜாஸ்தி வேல வெக்காது."

அண்ணி என்றதும் தலையை ஆட்டினேன். ஐந்து கோழிகள் வந்து சேர்ந்தன.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. முதல் பத்து நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. முட்டையிட்டதும் அவை கொக்கரிக்கிற சத்தம் அடுப்படி வரை கேட்டது. ஆனால் தினமும் நாலைந்து முட்டை. நான் சொன்ன அந்தக் குடும்பத்தைக் கோழிகள் நம்பிவிட்டன. இல்லாத நாலு பேருக்கும் சேர்த்து இட்டுக்கொண்டே இருந்தன. ஆம்லெட், அவித்தது, குழம்பு என்று ஒரு மனிதன் எவ்வளவுதான் தின்பான்? மிச்சத்தை அரிசி டிரம்மில் புதைத்து வைத்தேன். எதிர்வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று ஒருநாள் பையோடு கேட் வரை போனேன். தெருவில் பேச்சு, பழக்கமெல்லாம் என் மனைவியோடுதான் இருந்தது. எனக்கு அந்த வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் சோறு வைக்க டிரம்முக்குள் கையை விட்டேன். முட்டை ஒன்று உடைந்து, நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அரிசி பாதி பாழ். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கையைக் கழுவாமலே அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். மனைவி இறந்த அன்றுகூட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ஆள் நான்.

அடுத்த சந்தைக்கு ஐந்து கோழிகளையும் கூடையில் போட்டு ஷேர் ஆட்டோவில் எடுத்துப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் வழியெல்லாம் முழங்காலை ஒதுக்கிக்கொண்டே வந்தார்.

"இதையெல்லாம் எடுத்துக்கிட்டு ஒரே ஒரு சிறுவிடை குடும்மா," என்றேன்.

"ஏங்க, அண்ணி வாணான்னுட்டாங்களா?"

"அண்ணி இல்லம்மா. போயி மூணு வருஷம் ஆச்சு. வீட்ல நான் மட்டுந்தான்."

இதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த முகம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாங்க? சிறுவிடையே குடுத்துருப்பேன். அது அட படுக்கும், குஞ்சு பொரிக்கும், உங்க காலச் சுத்திக்கினே திரியும்." தன் கூடைக்குள் கை விட்டு இரண்டு கோழிகளை எடுத்தாள்.

"ஒன்னு போதும்மா. நான் ஒரு ஆளு."

"ஒத்தக் கோழி நான் குடுக்கறதில்ல. தனியா வுட்டா தீனி எடுக்காது. ஏங்கிப் பூடும்."

"நான் இல்லையா?" என்றேன், விளையாட்டாகச் சொல்வது போல.

கால்களைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். என் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைப் பார்த்தாள், நாலு நாள் தாடியைப் பார்த்தாள்.

"நீங்க மட்டும் இன்னா, நல்லாவா கீறீங்க?"

துணிப்பையை அகல விரித்துப் பிடித்தேன். இரண்டையும் உள்ளே விட்டாள்.