வரிசையில் வைத்த குடம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. எங்காவது முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறு அறை, ஒரே குழாய். எல்லோரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். எனக்கு செக்கிங்கில் வேலை. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் நூலை வெட்டி அடுக்க வேண்டும். மூன்று அறையில் எங்கள் சனம், பெருமாநல்லூர்ப் பக்கம் ஊருக்கு வெளியே குடியிருந்தவர்கள். இரண்டு அறையில் தெற்கேயிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவர்கள். அவர்கள் ஊரில் அவர்களும் எங்களைப் போலத்தான். ஆறாவது அறை காலியாகக் கிடந்தது.

வீட்டுக்காரம்மா குடிவருகிறவர்களிடம் சாதி கேட்கமாட்டார். "தண்ணி வர்ற அன்னிக்கு வந்து கொடத்த வரிசையில வெய்யி கண்ணு. மத்தவங்களுக்கு ஒத்துப்போச்சுன்னா அட்வான்ஸ் குடு" என்பார். குடத்தை யாரும் ஒதுக்கவில்லை என்றால் வீடு கிடைத்துவிடும். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது வயது இருக்கும் ஒரு பெண் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தாள். "எங்கீங்கக்கா வெக்கறது?" என்று என்னிடம்தான் கேட்டாள். என் குடத்துக்கு முன்னால் இடம் விட்டுக் காட்டினேன். வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"புள்ளைய இங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது சேத்தியிருக்கறனுங்க. எங்க காலனி பேரச் சொன்னா ஒருத்தியும் பக்கத்துல உக்கார மாட்டீங்கறாளாம். இந்த விலாசம் கெடச்சாப் போதுமுங்க."

நானும் பள்ளிக்கூடத்தில் சுவரோரம் தனியாக உட்கார்ந்தவள். அதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அவ்வளவு சீக்கிரம் வாய் வராது. எந்தக் காலனி என்றும் கேட்கவில்லை.

தண்ணீர் வரும்வரை குழாயடியில் பேச்சு நடக்கும். யார் அதிகம் பட்டவர்கள் என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. ஒரு பக்கம் என் நாத்தனார், இன்னொரு பக்கம் எதிர் அறைத் தெற்கத்திப் பெண்.

"ஒங்களுக்காவது கவர்மெண்டு சர்ட்டிபிகேட்டு இருக்கு," என்றாள் தெற்கத்திப் பெண். "நாங்க வேதத்துக்குப் போனதால அதுவும் போச்சு. சாமி மாறிச்சே தவிர, எங்கூர்ல கல்லறைக்கு நடுவுல கட்டுன சுவரு அப்படியே நிக்கி. செத்தவன் எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிருவானாக்கும்."

சிரித்தோம். நாத்தனார் விடவில்லை. "உங்களுக்குச் செத்த பொறவுதானுங்க செவுரு. எங்கப்பன் உசுரோட இருக்கறப்பவே ஊர் வீதியில செருப்பக் கையில புடிச்சுட்டு நடந்தாரு."

"ஒங்கப்பாவுக்குச் செருப்பாவது இருந்துச்சுல்லா."

மறுபடியும் சிரிப்பு. புதிதாக வந்தவளும் சிரித்தாள். பிறகு அவளும் பேச்சில் சேர்ந்துகொண்டாள்.

"எங்களுக்கும் அதே கததானுங்க. நான் நகராட்சியில ரோடு கூட்டறனுங்க. எங்கூட்டுக்காரரு சாக்கடை அள்ளறாரு. வெயில்ல ஒரு ஊட்டுல தண்ணி கேட்டா டம்ளர்ல குடுக்க மாட்டாங்க. கையில ஊத்துவாங்க."

இப்படிப் பேசுகிறவர்கள் நடுவில் தனக்கும் இடம் இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். தெற்கத்திப் பெண் என் நாத்தனாரைப் பார்த்தாள். அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர். நாத்தனார் குனிந்து பச்சைக் குடத்தைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு ஆளு சேந்துபோச்சு. அடுத்த தடவ பாத்துக்கலாமுங்க."

"ஆமா தாயி, தண்ணியும் கம்மியாத்தான் வரும்," என்றாள் மற்றவள்.

குழாயில் காற்று சீறி, தண்ணீர் வந்தது. வரிசையில் ஒரு குடத்தின் இடம் காலியாக இருந்தது. அதற்கு அடுத்தது நான். அந்தக் குடத்தை எடுத்துத் திரும்ப வைக்க ஒரு வார்த்தைகூடத் தேவையில்லை. கை இருந்தால் போதும். ஆனால் நான் என் குடத்தைப் பிடித்து அந்த இடத்துக்கு நகர்த்தினேன். எனக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருத்தராக நகர்த்தினார்கள்.

அவள் என்னிடம் வந்தாள். "நீங்க காட்டுன எடத்துலதானுங்கக்கா வெச்சேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஏதோ தவறாகச் செய்துவிட்டோமோ என்று கேட்பதுபோல இருந்தது. நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் வந்தவள் ஏன் அட்வான்ஸ் கொடுக்க வரவில்லை என்று சாயங்காலம் வீட்டுக்காரம்மா என்னிடம் கேட்டார். "எனக்கென்னங்க தெரியும்" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த முறை தண்ணீர் வந்தபோது மறுபடியும் கல்லறைச் சுவர், மறுபடியும் செருப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அவர்களிடம் சொல்லவும் இல்லை. நாத்தனார் இறந்து மூன்று வருடமாகிறது. அவளிடமும் கடைசிவரை சொல்லவில்லை.

என் குடத்தை நான் நகர்த்தியதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றதெல்லாம் தடுமாறுகிறது. அவளுக்கு ஒரு பெண்பிள்ளையா, இரண்டா, ஆறாவதா, ஏழாவதா, பிறகு அவர்களுக்கு எங்காவது வீடு கிடைத்ததா என்பது தெரியவில்லை. அந்த லைனில் குடியிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், விசாரித்துச் சரியாக எழுதிச் சேர்த்துவிடுங்கள்.