பிள்ளைக்கு வைத்த ஜப்பான் மை

மொன்றியலில் எங்களுக்கு மேல்மாடியில் தனியாக இருக்கும் ஜப்பானியப் பெண்மணியை இரும்புப் படியில் கண்டால், எனக்கு இப்போதும் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

மகன் பிறந்து ஆஸ்பத்திரியால் வந்த கிழமை அவர் ஒரு சின்ன மரப்பெட்டி கொண்டுவந்து தந்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டி, மேலே பொன் எழுத்து. கர்ப்பூரம் போல ஒரு வாசம். எனக்குப் பிரெஞ்சில் பொன்ஜூர், மெர்சிக்கு மேல் ஓடாது. அவர் கையால் காட்டினார்: விளக்கு, புகை, கல், தண்ணீர் விட்டு உரைப்பது. எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிள்ளைக்கு நாவூறு படாமல் வைக்கிற கறுப்புப் பொட்டுக்கு இதைவிட நல்ல மை எங்கே கிடைக்கும்? சந்தனக் கல்லில் உரைத்து வைத்தேன்.

முப்பத்தோராம் நாள், பிள்ளை பெற்ற தீட்டுப் போக்கும் துடக்குக் கழிவுக்கு அவரையும் கூப்பிட்டேன். பிள்ளையின் நெற்றியைப் பார்த்ததும் அது தன் மைதான் என்று கண்டுகொண்டார். வாயைப் பொத்திச் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. லவாலில் இருந்து வந்திருந்த மச்சாளுக்கு, என் கணவரின் தமக்கைக்கு, பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு. அவர் மொழிபெயர்க்கக் கதை வெளியே வந்தது. அந்தப் பெண்மணி இளவயதில், தூரிகையால் எழுதுகிற மை செய்யும் பட்டறையில் வேலை செய்தவராம். இந்தக் கட்டி அவரே பிசைந்தது, கடைசியாக மிஞ்சியது. காற்றுப் புகாத அறையில் எண்ணெய் விளக்குகளை ஏற்றி, மேலே மண்மூடி கவிழ்த்து, அதில் படிகிற கரியைச் சுரண்டி எடுப்பார்களாம். பசை சேர்த்துக் கையாலும் காலாலும் பிசைவார்களாம். எங்கள் ஹோலில் நின்று மிதித்தும் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். பிறகு மர அச்சில் அமர்த்தி, சாம்பலுக்குள் புதைத்து ஈரம் எடுத்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிடுவார்களாம்.

"என்ன பசையாம், மச்சாள்?" என்று கேட்டது நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பதிலைக் கேட்டதும் மச்சாளின் முகம் மாறியது. "மாட்டுத்தோலைக் காய்ச்சின பசையாம். உனக்கென்ன விசரே? துடக்குக் கழிக்கிற நாளில பிள்ளையின்ர நெத்தியில மாட்டுத்தோலே?"

சேலைத் தலைப்பை நனைத்து, அந்தப் பெண்மணியின் கண் முன்னாலேயே தேய் தேய் என்று தேய்த்தார். பிள்ளை வீரிட்டது. மை போகவில்லை. மச்சாளின் தோளில் தொங்கியது நல்ல தோல்பை. எங்கள் வீட்டிலும் ஆட்டிறைச்சி மணக்காத ஞாயிறு கிடையாது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மச்சாளின் வாய்க்கு எனக்கு அவ்வளவு பயம்.

அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் பிள்ளையின் அழுகை விளங்கியது. தன் மை பிள்ளைக்கு ஏதோ கெடுதல் செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் குனிந்து, "தெஸொலே, தெஸொலே" என்று மன்னிப்புக் கேட்டபடி போனார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நான் எழுந்து பின்னால் போகவில்லை.

அடுத்த நாள் எங்கள் கதவுக் கைபிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே குழந்தைச் சவர்க்காரம். மையைக் கழுவுவதற்கு.

அதற்குமேல் என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அதே சவர்க்காரத்தால் பிள்ளையைக் குளிப்பாட்டினேன். பழைய பொட்டு ஒருவழியாகப் போனது. கட்டியை எடுத்து உரைத்து, முன்னையதைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, தூக்கிக்கொண்டு மேலே போனேன். எனக்குப் பிரெஞ்சு வராவிட்டால் என்ன, பொட்டைப் பார்த்தால் அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தவர் முதலில் பார்த்தது நெற்றியைத்தான். மை இன்னும் போகவில்லை என்று எண்ணி, "தெஸொலே" என்று மறுபடியும் எனக்கு முன்னால் குனிந்தார்.