செம்மநத்தம் ஜீப் நின்ற காரணம்

பழைய பெட்ரோல் ஜீப் நடுவழியில் நின்றால் ஒன்று பெட்ரோல் வரவில்லை, இல்லை கரண்ட் வரவில்லை. மூன்றாவதாக ஒரு காரணம் இருந்தால் அதை வண்டிக்காரர் நம்மிடம் சொல்ல மாட்டார். ஏற்காட்டில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் எனக்கு இது தினப்பாடு. அப்படி ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குச்சி அளவு

லாட்ஜ்காரர் ஒருவரின் ஜீப் அடிக்கடி நின்றுகொண்டே இருந்தது. பெட்ரோல் அளவு காட்டும் முள் வேலை செய்யாததால் டேங்கில் குச்சி விட்டுத்தான் பெட்ரோல் பார்ப்பார். குச்சி பாதிக்கு மேல் நனைந்திருக்கும், வண்டி மட்டும் பெட்ரோல் இல்லாமல் நிற்கும். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியே எனக்கு அலுத்துப்போனது.

கடைசியில் லாட்ஜுக்கே போய்ப் பார்த்தேன். வண்டி நிற்பது சரிவில். உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்ச பெட்ரோலும் மூடிப் பக்கம் வந்து சேர்ந்துவிடுகிறது, குச்சியும் நனைந்துவிடுகிறது. இனிமேல் சமதளத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள் என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க, ஏற்காட்டுல சமதளத்துக்கு நான் எங்கீங்க போவேன்?”

மாதம்மாளின் கேள்வி

செம்மநத்தத்தில் காப்பியும் ராகியும் பயிர் செய்யும் மாதம்மாள் ஒரு நாள் வந்தார். அவர்கள் வீட்டு ஜீப்பைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓட்டிவர, பின்னால் மாதம்மாளின் மகன் குமார் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான்.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை மாதம்மாளின் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. குமார்தான் அவரை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். தலைச்சோலை ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. அங்கேயே அவர் உயிரும் போய்விட்டது. பெட்ரோல் கூடப் பார்க்காமல் கிளம்பி அப்பனைக் கொன்றவன் என்று பங்காளிகள் முகத்துக்கு நேராகவே பேசினார்களாம். அன்றிலிருந்து பையன் வண்டியைத் தொடுவதில்லை. சோறும் சரியாக இறங்குவதில்லை.

என்ன ரிப்பேர் செய்ய வேண்டும் என்று கேட்டேன். “ரிப்பேரு ஆகாட்டியும் பரவால்லீங்க தம்பி. அன்னிக்கு ஏன் நின்னுச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. எம் பையன் மேல தப்பு இருக்குதான்னு தெரியோணும்.”

சீட்டுக்கு அடியில்

எத்தனையோ இன்ஜினைப் பிரித்திருக்கிறேன். ஆனால் ஒரு சாவுக்குக் காரணம் தேடி பானெட்டைத் திறந்தது அதுதான் முதல் தடவை. பெட்ரோல் இருந்தது. பிளக்கில் பொறி வந்தது. கார்புரேட்டரில் தூசி தும்பு இல்லை. மாதம்மாளைக் கடையிலேயே உட்காரவைத்துவிட்டு, குமாரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு தலைச்சோலை ஏற்றம் வரை ஓட்டினேன். வண்டி இருமக்கூட இல்லை.

டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, மூடி மட்டும் வண்டிக்கு வெளிப்பக்கம். அங்கிருந்து வரும் பைப்பைப் பார்க்கலாம் என்று சீட்டைத் தூக்கினேன். இடுக்கில் மடித்துச் செருகிய ஒரு பிளாஸ்டிக் உரச் சாக்கும், வளையமாக முடிந்த சைக்கிள் டியூப் துண்டும் கிடந்தன. வளையம் டேங்க் மூடிக்குச் சரியாக இருந்தது. மூடியில் ஊசி போகும் அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். அதை இறுக்கி அடைத்தால் டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே வராது. சாக்கை மூடிமேல் கட்டி மறுபடியும் ஏற்றத்தில் விட்டேன். பாதி ஏற்றத்தில் இன்ஜின் திணறி நின்றது. அவிழ்த்து மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குமார் இறங்கிப் போய் ரோட்டோரத்தில் குந்திவிட்டான். நான் பக்கத்தில் போனதும் சொன்னான். “மழத்தண்ணி எறங்கி வண்டி நின்னறக் கூடாதுன்னு அம்மாதானுங்கண்ணா தெனமும் ராத்திரி கட்டும், விடிஞ்சா அவுத்துரும். அன்னிக்கு நான் பாக்குல. பெட்ரோல் இருக்குதான்னு சாக்க அவுத்துச் சீட்டுக்கடியில சொருகிட்டுத் தொறந்தப்பதான் இந்தச் சத்தம் வந்துச்சு. ஒடனே ஸ்டார்ட் ஆயிருச்சு. அதுக்குள்ள அப்பா போயிட்டாரு. பம்பு போயிருச்சுன்னு சொல்லிப்போடுங்கண்ணா. பங்காளிக என்னையவே பேசட்டும், அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

கையில் ஒரு ரப்பர்

‘நாளைக்கு வண்டி ரெடி’ என்று தினமும் பொய் சொல்கிற தொழில் என்னுடையது. அன்றைக்கு மட்டும் பொய் வாயில் வர மறுத்தது. இருந்தும் கடைக்குத் திரும்பி மாதம்மாளிடம், இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்புக்குள் இருக்கிற ரப்பர் கிழிந்துவிட்டது, அது வெளியே தெரியாது, யார் ஓட்டியிருந்தாலும் நின்றிருக்கும், பையன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மாதம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிழிந்ததைக் கொடுங்கள், பங்காளிகளிடம் காட்ட வேண்டும் என்றார். கழிவுக் குவியலில் தேடி, வேறொரு வண்டியின் கிழிந்த ரப்பரை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார். “நொம்ப புண்ணியமுங்க. இனி எம் பையன் தலை நிமுந்து நடப்பான்.”

அடுத்த மழை

அடுத்த மழைக்காலத்தில் அதே ஜீப் வந்தது. பக்கத்தில் மாதம்மாள், ஓட்டி வந்தது குமார். கொஞ்சம் சதை போட்டிருந்தான். பிரேக் பார்க்க வேண்டுமாம். அவன் டீ சொல்லப் போனான். நான் குனிந்தபோது என்னை அறியாமல் கண் டேங்க் மூடிக்குப் போனது. மழையில் நனைந்துகொண்டு, எதுவும் கட்டாமல் இருந்தது.

மாதம்மாள் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “அன்னிக்கு நீங்க பேசுனது பம்பப் பத்தி, பாத்ததெல்லாம் மூடியங்க தம்பி. நாங் கட்டுன சாக்கக் காணோமேன்னு அப்பவே எனக்கு ரோசனைதான். எனக்குத் தெரியும்னு குமாருகிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி, அவன் இப்பத்தான் சோறு திங்கறான்.”

பழைய ஜீப்பின் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தது இருவருக்குமே தெரிந்திருக்க, யாருக்கும் தெரியாததுபோல் பிரேக் பார்ப்பதுதான் கஷ்டம்.